சந்தனமாரி வெட்டாமல் விட்ட மூலைகள்

சந்தனமாரியின் கண்களில் ஒரு குறையும் இல்லை. இரண்டு கண்ணும் ஆறுக்கு ஆறு, நிறம் பிரித்தறிவதில் பழுதில்லை என்று கண் மருத்துவர் எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஊதா மையில் முத்திரையும் குத்தியிருந்தார். அந்தச் சான்றிதழை என் மேசைமேல் வைத்தாள். அதன் பக்கத்திலேயே கம்பெனி கொடுத்த நோட்டீஸையும் வைத்தாள்.

"ரெண்டையும் சேத்துப் பின் பண்ணிக் குடுத்தா போதுமாக்கா? இல்ல, லெட்டரு தனியா எழுதணுமா?"

ஞாயிற்றுக்கிழமை காலை. ஒரகடம் கூட்டுரோட்டில் ஒரு டிராவல்ஸ் ஆபீசின் மாடியில் நான் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். ஒன்பது வருடம் நாடு நாடாக அலைந்துவிட்டுப் போன ஆடியில்தான் குன்றத்தூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குத் திரும்பினேன். வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை. கிடைத்த வேலை இது. வருகிறவர்கள் எல்லாரும் சுற்றியிருக்கிற தொழிற்சாலைப் பிள்ளைகள். சந்தனமாரி இரண்டு மாதமாக வந்துகொண்டிருந்தாள். அன்று மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்து படியில் உட்கார்ந்திருந்தாள்.

நோட்டீஸைப் படித்தேன். ஒன்றரைப் பக்க ஆங்கிலம். செவ்வாய்க்கிழமை காலை ஷிப்டில் அவள் செய்த தவறால் ஆயிரத்து நானூற்று அறுபது கார்க் கதவுப் பேடுகள் வீணாயின; அதனால் கார் கம்பெனியின் லைன் இருபத்திரண்டு நிமிடம் நின்றது; அவளுடைய பயிற்சிக் காலத்தை முடித்து ஏன் அனுப்பக் கூடாது என்று மூன்று வேலை நாளுக்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். நடுவில் ஒரு வரி வந்தது. நடைமுறையில் உள்ள விதிக்கு அவள் 'டர்ன்ட் எ பிளைண்ட் ஐ'. அந்த வரிக்குக் கீழே பென்சிலால் இரண்டு கோடு போட்டிருந்தாள்.

"கண்ணு தெரியலன்னு போட்டிருக்காங்கள்லா," என்றாள். "நான் இன்ஸ்பெக்‌ஷன் பாக்குதவ. ஆறு மாசத்துக்கு ஒருக்கா கம்பெனியே கண்ணு டெஸ்ட் எடுக்கும். அப்பல்லாம் பாஸுன்னுட்டு இப்ப குருடின்னா எப்படி? அதான் நானே ஸ்ரீபெரும்புதூர் போயி வெளி டாக்டர்ட்ட எழுதி வாங்கிட்டு வந்துட்டேன்."

அந்தத் தொடருக்கு அது அர்த்தம் இல்லை என்று சொன்னேன். தெரிந்தும் தெரியாததுபோல் இருந்துவிடுவதைத்தான் ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வார்கள் என்றேன்.

அவள் சான்றிதழை எடுத்து நான்காக மடித்தாள்.

"அப்ப கண்ணு தெரியாதவன்னு சொல்லல. கண்ணை மூடிக்கிட்டு இருந்தேன்னு சொல்லுதாங்க." சான்றிதழைப் பைக்குள் வைத்தாள். "இது அதைவிட மோசம்லாக்கா."

சந்தனமாரிக்கு இருபத்துமூன்று வயது. சங்கரன்கோவில் பக்கத்து ஊர். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்த வாரமே, கல்லூரி வாசலில் நின்ற பஸ்ஸில் நாற்பத்தைந்து பெண்களோடு ஏறி வந்தவள். கார் கதவின் உள்பக்கத்தில் ஒட்டுகிற ரப்பர் பஞ்சு பேடு செய்யும் கம்பெனி அது. மூன்று வருடம் டிரெய்னி. மூன்றாம் வருட முடிவில் பத்துப் பேரில் ஒருவரை நிரந்தரமாக்குவார்கள். மற்றவர்களுக்கு ஒரு சான்றிதழும் கைகுலுக்கலும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஹாஸ்டல் கட்டிலும் கம்பெனியுடையதுதான். வேலை போனால் ஏழு நாளில் கட்டிலும் போகும்.

அவளுடைய மூன்றாம் வருடம் முடிய இன்னும் ஐந்து வாரம் இருந்தது. அவளுக்கு நிரந்தரம் என்று ஏறத்தாழ சொல்லியே விட்டார்கள். அதோடு லைன் லீடர் பொறுப்பும். அதற்கு ஆங்கிலம் புரிய வேண்டும் என்று நிபந்தனை இருந்ததால்தான் என் வகுப்பில் சேர்ந்தாள். எளிய ஆங்கிலத்தைப் படித்துப் புரிந்துகொள்வாள் என்று நானே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருந்தேன். அது பொய்யில்லை. ஆனால் என் பாடப்புத்தகத்தின் கடைசியில் 'அன்றாட மரபுத்தொடர்கள்' என்று பன்னிரண்டு பக்கம் உண்டு. நேரமில்லை என்று ஒவ்வொரு பிரிவுக்கும் அதை விட்டுவிடுவேன். அந்தப் பிரிவுக்கும் விட்டிருந்தேன்.

"என்ன நடந்துச்சு, முதல்லேருந்து சொல்லு," என்றேன்.

சொன்னாள்.

அவர்கள் செய்யும் பேடுக்கு நாலு மூலை. கீழ் மூலைகள் இரண்டையும் சின்னக் கை பிரஸ்ஸில் வைத்துச் சாய்வாக வெட்டி எடுப்பார்கள். கதவுக்குள் வயர் போக அந்த இடைவெளி வேண்டும். அந்த வேலைக்கு லைனில் 'கார்னர் கட்' என்றே பெயர். அந்த இடத்தில் நிற்பவளைக்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். 'கார்னர் கட் எங்க, டீக்குப் போயிட்டாளா?' என்பார்கள். கார்னர் கட், அடுத்து இன்ஸ்பெக்‌ஷன், அடுத்து பேக்கிங். மூன்றுக்கும் சந்தனமாரிதான் சீனியர்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறேகாலுக்குக் கம்பெனி பஸ்ஸில் வரும்போது வாட்ஸாப் குழுவில் பிளான்ட் மேனேஜர் ரகுபதி ஒரு செய்தி போட்டார். வியாழக்கிழமை கஸ்டமர் ஆடிட், அதாவது கார் கம்பெனிக்காரர்கள் சோதனைக்கு வருகிறார்கள் என்று முதல் வரி. இரண்டாவது வரி: 'லைன் த்ரீ, ப்ளீஸ் டோன்ட் கட் கார்னர்ஸ்.' மூன்றாவது வரி: 'நோ எக்ஸ்க்யூசஸ்.'

"மொபைல்லயே தமிழ்ல மாத்திப் பாத்தேங்க்கா. 'மூன்றாம் வரிசை, தயவுசெய்து மூலைகளை வெட்ட வேண்டாம். சாக்குப்போக்குகள் இல்லை'ன்னு வந்துச்சு. இதுக்கு மேல என்ன வேணும்?"

போன மாதம்தான் அதே பேடில் போட்டுக்கொண்டிருந்த ஒரு ஓட்டையை நிறுத்தச் சொல்லி இதே குழுவில் இதேபோல் ஒரு செய்தி வந்ததாம். அன்று நிறுத்தினார்கள், சரியாகவும் இருந்தது. அதனால் இன்றைக்கு மூலையை நிறுத்தினாள். மற்ற இரண்டு பெண்களும், 'ஒரு வேலை மிச்சம்டி' என்று சந்தோஷப்பட்டார்கள். மூலை வெட்டாத ஆயிரத்து நானூற்று அறுபது பேடும் மதியத்துக்குள் வண்டியேறிப் போயின. கார் கம்பெனியில் கதவு மாட்டுகிற இடத்தில் வயர் போக வழியில்லாமல் லைன் நின்றது. கம்பெனியில் தீப்பிடித்தால்கூட ரகுபதி சாரிடம் நிதானமாகச் சொல்லலாம். கஸ்டமர் லைன் நின்றது என்று மட்டும் சொல்ல முடியாது என்றாள்.

"யாரையும் கேக்கலையா நீ?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். கீழே கண்டெய்னர் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

"கேட்டேன். ஷிப்டு சூப்பர்வைசரு அக்காட்ட. ஏலவார்குழலின்னு பேரு. வாலாஜாபாத்துக்காரவ. கேட் பக்கத்துல வச்சுக் கேட்டேன். அவங்களும் மொபைலைப் பாத்தாங்க. 'சாரே போட்டுகீறாரு இல்ல, அப்புறம் இன்னா? நிறுத்து'ன்னுட்டாங்க."

"அதை எழுதணும். அதான் உன்னைக் காப்பாத்தும்."

"யோசிக்கணும்க்கா," என்றாள்.

அதற்குள் மற்ற பிள்ளைகள் வந்துவிட்டார்கள். அவளோடு ஒரே அறையில் இருக்கும் முத்துச்செல்வியும் வந்தாள். வேறு லைனில் வேலை செய்கிறவள். யாரையும் விட்டுவைக்காத வாய். கம்பெனி முழுக்க விஷயம் பரவி, மூன்று நாளாகச் சந்தனமாரியைப் பார்க்கிறவர்கள் எல்லாம் காற்றில் கத்தரி வெட்டிக் காட்டுகிறார்களாம். அன்று பாடத்தை மாற்றினேன். அந்தப் பன்னிரண்டு பக்கத்தை எடுத்தேன்.

முதலில் தமிழில் தொடங்கினேன். "ஒருத்தன் உங்களைக் கை கழுவிட்டான்னு சொன்னா, சோப்பு எங்கன்னு கேப்பீங்களா?"

"கேக்க மாட்டோம்."

"அல்வா குடுத்துட்டான்னா?"

"எங்க ஊருப் பக்கம் அல்வான்னா அல்வாதான்," என்றாள் முத்துச்செல்வி. "தின்னுட்டுத்தான் கோவப்படுவோம்."

அறை சிரித்தது. சந்தனமாரியும் சிரித்தாள், ஆனால் நோட்டில் எழுதுவதை நிறுத்தவில்லை. ஆங்கிலமும் அப்படித்தான், சொற்களைத் தனித்தனியாகக் கூட்டினால் கணக்கு வராது என்று சொல்லி ஒவ்வொன்றாகப் போனோம். அவள் நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. ஆங்கிலத் தொடர், அதன் கீழே சொல்லுக்குச் சொல் வருகிற அர்த்தம், அதன் கீழே உண்மையான அர்த்தம் என்று மூன்று வரி.

பீஸ் ஆஃப் கேக். கேக் துண்டு. ரொம்பச் சுலபம்.

அண்டர் தி வெதர். வானிலைக்குக் கீழே. உடம்பு சரியில்லை. (லீவு கேட்கலாம்.)

பிரேக் எ லெக். காலை உடை. நல்லா செய்யுன்னு வாழ்த்து. (சேஃப்டி ஆபீசர் முன்னால் சொல்லக் கூடாது.)

ஸ்பில் தி பீன்ஸ். பீன்ஸைக் கொட்டு. ரகசியத்தைச் சொல்லிவிடு.

பாஸ் தி பக். பக்கைத் தள்ளிவிடு. தன் தப்பை அடுத்தவர் தலையில் கட்டுவது.

கட் கார்னர்ஸ். இதற்கு மட்டும் சொல்லுக்குச் சொல் அர்த்தம் எழுதவில்லை. நேராக எழுதியிருந்தாள்: ஏனோதானோ என்று ஒப்பேற்றுவது.

"ஏட்டி, இவ்வளவுதானா?" என்றாள் முத்துச்செல்வி. "'ஒப்பேத்தாதீங்கட்டி'ன்னு ஒரு வார்த்தை போட்டிருந்தா முடிஞ்சிருக்கும். அந்த மனுஷன் வீடு மாம்பலத்துலதான இருக்கு? லண்டன்லயா இருக்கு?"

வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகும் சந்தனமாரி நின்றாள். "அக்கா, இப்ப எதைப் பாத்தாலும் பயமா இருக்கு," என்றாள். "நேத்துக் கேன்டீன்ல 'வெட் ஃப்ளோர்'னு போர்டு வச்சிருந்தான். ஈரம்னு கண்ணுக்குத் தெரியுது. ஆனாலும் இதுக்கு உள்ள வேற என்னமும் அர்த்தம் இருக்குமோன்னு நின்னுட்டேன். பின்னால தட்டோட வந்தவ இடிச்சு, சாம்பாரு பூரா தரையில."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை, காலை ஷிப்ட் முடிந்ததும் விளக்கக் கடிதம் எழுத அவள் வகுப்பறைக்கு வந்தாள். நாங்கள் இரண்டாவது பத்தியில் இருந்தபோது ஏலவார்குழலி படியேறி வந்தார். நாற்பது வயது இருக்கும். சூப்பர்வைசரின் நீலச் சட்டையைச் சேலைமேல் போட்டபடியே வந்திருந்தார்.

"இங்கதான் இருப்பன்னு சொன்னாங்க," என்று என்னைப் பார்த்தார். "நீங்கதான் டீச்சரா? நல்லா சொல்லிக்குடுத்தீங்க போங்க."

பதில் சொல்ல வாயெடுத்தேன். சந்தனமாரி முந்திக்கொண்டாள். "உக்காருங்கக்கா."

அவர் உட்காரவில்லை. "எம்பேர எழுதிட்டியா?"

"இன்னும் எழுதல."

"எழுதினா இன்னா சாட்சி கீது உங்கிட்ட? கேட்டாண்ட நின்னு பேசினது. நான் சொல்லவே இல்லன்னா இன்னா பண்ணுவ?"

"ஒண்ணும் பண்ண முடியாதுக்கா."

அந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை போலிருந்தது. வேகம் குறைந்து பெஞ்சு நுனியில் உட்கார்ந்தார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பதினோரு வருசம் கான்ட்ராக்ட்ல நின்னு பர்மனன்ட் ஆனவ நான், மாரி. பத்தாங்கிளாசு. அந்த குரூப்புல வர்றதுல பாதி எனக்குப் புரியாது. புரியலன்னு சொன்னா மறுநாளே வேற ஒருத்திய இந்த சட்டைய மாட்ட வைப்பாங்க. எல்லாத்துக்கும் ஓகே சார், ஓகே சார்னு போட்டுகினு வண்டி ஓட்டிகினு கீறேன். உனக்கு வயசு கீது. படிப்பு கீது. இங்க இல்லன்னா இருங்காட்டுக்கோட்டைல ஒண்ணு கெடைக்கும். எனக்கு எவன் குடுப்பான்?"

சந்தனமாரி பேனாவை மூடினாள், மறுபடி திறந்தாள்.

"நீங்க என்னை நிறுத்துன்னு சொன்னது நெசம்தானக்கா?"

"நெசந்தான்," என்றார் ஏலவார்குழலி. "இங்க சொல்றேன். அங்க சொல்ல மாட்டேன்."

அவர் போன பிறகு நான் சந்தனமாரியிடம் கொஞ்சம் கோபமாகவே பேசினேன். பெயரை எழுதுவது காட்டிக்கொடுப்பது இல்லை, நடந்ததைச் சொல்வது என்றேன். நிரந்தரம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது, இந்த ஒரு வரிதான் உனக்கு மிச்சமிருக்கிற பிடி என்றேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"பேரு போட்டா அவங்களுக்கும் போயிரும். அதுக்காக எனக்கு வந்துருமா? வராதுக்கா. ரெண்டு பேருக்கும் போகும்."

கடிதத்தில் அந்த வரி இல்லாமலேதான் போனது. 'அந்தத் தொடரைச் சொல்லுக்குச் சொல் பொருள்கொண்டேன். கார்னர் கட் என்பது எங்கள் லைனில் ஒரு வேலையின் பெயர். வேலையை மிச்சப்படுத்தவோ ஏமாற்றவோ நான் நினைக்கவில்லை' என்று நான் ஆங்கிலத்தில் எழுத, ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

வியாழக்கிழமை விசாரணை. கூட ஒருவரை அழைத்துப் போகலாம் என்று விதி இருந்ததால் முத்துச்செல்வி போனாள். அங்கே நடந்ததை அன்று மாலை எனக்கு அவள் நடித்தே காட்டினாள். சந்தனமாரி இடையிடையே திருத்தினாள். இருவரும் ஒத்துக்கொண்டதை மட்டும் எழுதுகிறேன்.

குளிர்பதன அறை. மேசையின் ஒரு பக்கம் ரகுபதி. பக்கத்தில் ஹெச்.ஆர். அதிகாரி அஸ்வின், லேப்டாப்பில் குறிப்பெடுத்துக்கொண்டு. சாட்சியாக ஏலவார்குழலி. அஸ்வின் சின்னப் பையன்போல் இருப்பார், மரியாதையாகப் பேசுவார். கேள்விகளையும் தமிழில்தான் கேட்டார்.

"புரியலன்னா உங்க சூப்பர்வைசரைக் கேட்டிருக்கலாமே சந்தனமாரி?"

அவள் ஒன்றும் சொல்லவில்லை.

முத்துச்செல்விக்கு இருப்புக்கொள்ளவில்லையாம். "அந்த நிமிசம் நான் பீன்ஸைக் கொட்டிருப்பேங்க்கா. இவ காலை மிதிச்சுக்கிட்டே இருந்தா."

அஸ்வின் சம்பிரதாயமாக ஏலவார்குழலி பக்கம் திரும்பினார். "மேடம், ரெக்கார்டுக்காகக் கேக்கறேன். அவங்க உங்களைக் கேட்டிருந்தா, சரியான அர்த்தத்தைச் சொல்லியிருப்பீங்க இல்லையா?"

"சொல்லியிருப்பேன் சார்."

"என்னன்னு சொல்லியிருப்பீங்க? அதையும் போட்டுடறேன்."

இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. அஸ்வின் சிக்கவைக்க நினைத்துக் கேட்கவும் இல்லை. கட்டத்தை நிரப்பத்தான் கேட்டார். ஏலவார்குழலி ரகுபதியைப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார்.

"அது வந்து சார்... கார்னர்ல போயி குந்திகினு... வேலை செய்யாம... டபாய்க்கக் கூடாதுன்னு அர்த்தம் சார்."

அஸ்வினின் விரல்கள் விசைகளின்மேல் அப்படியே நின்றன. ரகுபதி கண்ணாடியைக் கழற்றினார். முத்துச்செல்வியே சிரிக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளலாம்.

ஏலவார்குழலியின் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் சந்தனமாரி வாய் திறந்தாள். அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துத் திறந்தாள்.

"அக்கா சொல்ல வந்தது அதுதான் சார். வேலையை ஏனோதானோன்னு ஒப்பேத்தாம, முறைப்படி முழுசாச் செய்யணும்னு அர்த்தம்."

ரகுபதி நிமிர்ந்தார். "வெரி குட். உனக்குத்தான் கரெக்டா தெரியுதே!"

"இப்பத் தெரியும் சார். ஞாயித்துக்கிழமை படிச்சேன்."

"தெரியுது இல்ல?"

"ஞாயித்துக்கிழமையிலேர்ந்து தெரியும் சார்."

அஸ்வினின் விரல்கள் மறுபடி ஓடின. முடித்ததும் இரண்டு பக்கம் அச்செடுத்து நீட்டினார். சந்தனமாரி ஒவ்வொரு வரியாகப் படித்தாள். இருபது நிமிடம் ஆனதாம். ரகுபதி இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். ஏலவார்குழலி சொன்ன அர்த்தம் அதில் இல்லை. 'சூப்பர்வைசர் சரியான அர்த்தத்தைச் சொல்லியிருப்பார்' என்று இருந்தது. கடைசிக்கு முந்தின வரியில், 'அந்தத் தொடரின் பொருள் தமக்குத் தெரியும் என்று பணியாளர் ஒப்புக்கொள்கிறார்' என்று இருந்தது. மரபுத்தொடர் எதுவும் இல்லாத, நேரான, எளிய ஆங்கிலம். ஒரு சொல்லுக்குக்கூட அவளுக்கு உதவி தேவைப்படவில்லை.

"சார், ஞாயித்துக்கிழமைன்னு சேக்கணும்."

"அது ஒரு ஃபார்மாலிட்டிதான்மா. சைன் பண்ணுங்க."

அவள் கையெழுத்துக்கு மேலே, இருந்த கொஞ்ச இடத்தில், 'ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும். செவ்வாய்க்கிழமை தெரியாது' என்று தமிழில் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

இதைச் சொல்லி முடித்ததும் முத்துச்செல்வி, "அந்த ஏலவார்குழலி வெளிய வந்து இவ கையைப் புடிச்சுக்கிட்டா. இவளும் 'பரவால்லக்கா'ங்கா. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு..." என்று முடிக்காமல் விட்டாள். சந்தனமாரி என்னைப் பார்த்தாள். அந்தத் தொடரைக் கற்றுக்கொள்ளாமலே விசாரணைக்குப் போயிருந்தால் நன்றாக இருந்திருக்குமோ என்று அவள் கேட்கவில்லை. நான்தான் அதை நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போகிற பஸ்ஸிலும் அதையே நினைத்தேன். நான் போன நாடுகளில் தப்பாகப் புரிந்துகொண்டபோதெல்லாம் யாராவது ஒருவர் சிரித்துவிட்டு வழி காட்டியிருக்கிறார்கள். அவள் தன் சொந்த மாநிலத்தில், தமிழ் பேசுகிற மேனேஜரிடம் அகப்பட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை மதியம் அவளிடமிருந்து போன் வந்தது. பின்னால் ஒரே கூச்சல். யாரோ தட்டைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, லெட்டரு வந்துட்டு. மெயில்ல."

"என்ன போட்டிருக்கு?"

"முத்துச்செல்விதான் முதல்ல படிச்சா. 'லெட் யூ கோ'ன்னு இருக்கு. மேனேஜ்மென்ட் உன்னைப் போக விட முடிவு பண்ணியிருக்குன்னு. 'விட்டுட்டாங்கட்டி'ன்னு கத்தி ரூமு பூரா ஆடுதாளுவ. ரெண்டு பேரு ஜிலேபி வாங்கப் போயிருக்காளுவ."

நான் எழுந்து நின்றுவிட்டேன். அந்தப் பன்னிரண்டு பக்கத்தில் அந்தத் தொடர் கிடையாது.

"இருக்கீங்களாக்கா?"

"இருக்கேன்."

"போக விடுதோம்னா, தப்பு இல்லன்னு விட்டுட்டாங்கன்னு அர்த்தமா? இல்ல... வெளிய போன்னு அனுப்புதாங்களா?" குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எனக்கு ரெண்டாவதுதான்னு படுது. தப்பு இல்லன்னு சொல்லுதவன் இவ்வளவு தன்மையா எழுத மாட்டாம்லா."

"ரெண்டாவதுதான், மாரி."

மறுமுனையில் ஜிலேபி வந்துவிட்டது என்று கூச்சல். யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"சரிக்கா. இவளுவ தின்னு முடிக்கட்டும். பொறவு சொல்லிக்கிடுதேன்."

மாலையில் நான் ஹாஸ்டலுக்குப் போனபோது சொல்லி முடித்திருந்தாள். ஆறு பெண்கள் மூன்று கட்டில்களில் ஆளுக்கொரு பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள். முத்துச்செல்வி தலையணையில் முகம் புதைத்துப் படுத்திருந்தாள். தான் தப்பாகப் படித்துவிட்டதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கஸ்டமருக்கு அனுப்பும் அறிக்கையில் தவறுக்குக் காரணம் என்று ஒன்றை எழுதியாக வேண்டும். ரகுபதி சார் 'மனிதத் தவறு, சம்பந்தப்பட்டவர் நீக்கப்பட்டார்' என்று எழுதி அனுப்பிவிட்டார் என்று ஏலவார்குழலி போனில் சொன்னாராம். சொல்லும்போது அழுதாராம்.

சந்தனமாரி கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். ஆங்கிலத்தில் சரிபார்க்க என்னைக் கேட்பாள் என்று நினைத்தேன். தாளை என்னிடம் நீட்டினாள். தமிழில் இருந்தது.

'ஐயா, உங்கள் கடிதம் கிடைத்தது. என்னை வேலையிலிருந்து நீக்குவதானால், நீக்குகிறோம் என்று தமிழில் எழுதித் தரவும். காரணத்தையும் தமிழில் எழுதித் தரவும். இப்படிக்கு, ச. சந்தனமாரி, லைன் 3.'

"இதுல தப்பு எதுவும் இருக்கா?"

"இல்ல."

மறுநாள் அதைக் கேட்டில் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு நகலில் முத்திரையும் வாங்கிவந்தாள். மூன்று நாள் ஒன்றும் வரவில்லை. நாலாம் நாள் வெள்ளிக்கிழமை, கட்டிலைக் காலி செய்ய அவளுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஒரு அறை பார்க்க நாங்கள் இருவரும் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது அஸ்வின் கூப்பிட்டார். லாரிச் சத்தத்தில் கேட்கவில்லை என்று அவள் போனில் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"சந்தனமாரி, எங்ககிட்ட ஃபார்மட் எல்லாம் இங்கிலீஷ்லதான் இருக்கு. அதுவும் இல்லாம..." அவர் தயங்கினார். கெட்டவர் இல்லை என்பது அந்தத் தயக்கத்தில் தெரிந்தது. "தமிழ்ல எழுதினா ரொம்பக் கடுமையாத் தெரியும்மா. உங்களுக்கே படிக்கக் கஷ்டமா இருக்கும்."

"இருக்கட்டும் சார்," என்றாள் சந்தனமாரி. "எழுதுங்க."